குளச்சல் கடலின் திமிங்கலப் பாதை

2017 நவம்பரில் ஓமான் நாட்டின் மசீரா வளைகுடாவில், ஒரு பெண் கூன்முதுகுத் திமிங்கலத்தின் முதுகில் ஓமான் சுற்றுச்சூழல் சங்கத்தின் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். அதன் வாலில் இருந்த வெள்ளைக் கோலம் சாம்பிராணி மரத்தை நினைவூட்டியதால், லூபான் என்ற அரபுப் பெயரை அதற்கு இட்டார்கள். அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஓமான் கரையை விட்டு நெடுந்தூரம் போவதாக அதுவரை யாரும் நேரடியாகக் கண்டதில்லை. லூபான் போனது. கடலைக் குறுக்கே கடந்து கோவாப் பக்கம் வந்தது. அங்கிருந்து கேரளக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, இந்தியாவின் தென்முனையைச் சுற்றி மன்னார் வளைகுடா வரை வந்துவிட்டு, மறுபடியும் ஓமானுக்கே திரும்பியது.

கேரளக் கரையிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குக் கடல்வழியாகப் போக வேறு பாதை கிடையாது. விழிஞ்ஞம், தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், கன்னியாகுமரி ஆகிய ஊர்களின் வெளிக்கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த மாதங்களில் இந்த ஊர்களில் யாரும் திமிங்கலத்தைப் பற்றி நினைத்திருக்க முடியாது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று ஊர் ஊராக ஆண்களைக் காணோம். ஆழ்கடலில் அவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை. அதே கடலில் ஒரு திமிங்கலம் இருக்கும் இடம் செயற்கைக்கோளுக்குத் தெரிந்திருந்தது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறபோது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

பள்ளிப் பாடப் புத்தகத்தில் குளச்சல் என்றால் 1741. மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததும், பிடிபட்ட டி லனாய் பின்னாளில் திருவிதாங்கூர்ப் படையின் 'வலிய கப்பித்தான்' ஆனதும் எல்லோருக்கும் தெரியும். வெற்றித்தூண் ஊரில் இன்னும் நிற்கிறது. ஆனால் இந்தக் கடலுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது மனிதர்களுக்கும் திமிங்கலங்களுக்கும் இடையிலான வரலாறு. அதைக் கிரேக்கர் எழுதினர், அரபியர் எழுதினர், அமெரிக்க வேட்டைக்காரர் கப்பல் குறிப்பேடுகளில் எழுதினர், சோவியத் கப்பல்கள் எழுதி மறைத்தன. நாள்தோறும் அதே கடலில் கிடந்த குமரிக் கரையின் மீனவர்கள் கண்டது மட்டும் எந்த ஏட்டிலும் முறையாக ஏறவில்லை.

கிமு 325இல் அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவன் நியார்க்கஸ் சிந்து முகத்துவாரத்திலிருந்து பாரசீகத்துக்குக் கப்பல்களைக் கொண்டுபோனான். மக்ரான் கரை அருகே கடல்நீர் ஆங்காங்கே பீச்சியடிப்பதைக் கண்ட தண்டுக்காரர்கள் பயந்து தண்டுகளை நழுவவிட்டார்கள். நியார்க்கஸ் கப்பல்களைப் போருக்கு நிறுத்துவதுபோல் நிறுத்தி, எக்காளம் ஊதி, எல்லோரும் உரக்கக் கத்திக்கொண்டு திமிங்கலங்களை நோக்கியே செலுத்தச் சொன்னான். அவை நீருக்குள் மூழ்கி, கப்பல்களுக்குப் பின்னால் போய் எழுந்தன. இதை ஆரியன் என்ற கிரேக்க ஆசிரியர் பதிவு செய்திருக்கிறார்.

அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்பு, கிபி 851இல், சீனாவையும் இந்தியாவையும் பற்றி அரபு வணிகர்கள் சொன்ன செய்திகள் ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டன. மஸ்கட்டிலிருந்து கொல்லத்துக்கு மிதமான காற்றில் ஒரு மாதப் பயணம் என்கிறது அந்த நூல். இரவில் பெருமீன் வந்து கப்பலில் மோதிவிடுமோ என்று அஞ்சி, கிறிஸ்தவர்கள் கோயிலில் தட்டுவதுபோன்ற மரமணிகளை மாலுமிகள் ஓயாமல் தட்டியதையும் அதே நூல் சொல்கிறது. கிரேக்கரும் அரபியரும் திமிங்கலத்துக்கு எதிராகக் கைக்கொண்ட ஆயுதம் ஒன்றுதான்: ஓசை. திமிங்கலம் ஓசையால் வாழும் உயிர் என்று அறிவியல் சொல்வதற்கு எவ்வளவோ முன்பே, அது ஓசைக்கு விலகும் என்று கடலோடிகள் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

இன்று மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் சில மணி நேரம்தான். அந்த விமானங்களில் குளச்சல்காரர் இல்லாத நாள் இருக்காது. கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போனவர்கள் ஒரு பக்கம் இருக்க, மீன்பிடிக்கவே வளைகுடாவுக்குப் போகிறவர்கள் குமரி மாவட்டத்தில் ஏராளம். சவூதி, பஹ்ரைன், கத்தார், ஈரான் என்று அங்குள்ள முதலாளிகளின் படகுகளில் பங்குக்கு உழைக்கிறார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது ஈரானின் துறைமுகங்களில் அவர்கள் சிக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. லூபான் கடந்த அதே அரபிக்கடலைக் கடந்து, அதே குமரி முனையைச் சுற்றி அந்தக் கப்பலும் வந்தது.

லூபானின் கூட்டம் உலகில் வேறெங்கும் இல்லாத வகையைச் சேர்ந்தது. மற்றக் கடல்களின் கூன்முதுகுத் திமிங்கலங்கள் கோடையில் துருவக் கடலுக்குப் போய் வயிறு நிறைய உண்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். அரபிக்கடலுக்கு வடக்கே துருவம் இல்லை, ஆசியக் கண்டம் குறுக்கே நிற்கிறது. இங்குள்ளவை உண்பதும் ஈனுவதும் இந்தக் கடலிலேயே. தெற்கே உள்ள கூட்டங்களிலிருந்து இவை பிரிந்து சுமார் 70,000 ஆண்டுகள் ஆகின்றன என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு கணக்கிட்டது.

வெப்பக் கடலில் இத்தனை பெரிய உயிருக்குத் தீனி எங்கிருந்து வந்தது? தென்மேற்குப் பருவக்காற்றிலிருந்து. ஜூன் தொடங்கி சோமாலியா, ஓமான் கரைகளை ஒட்டிக் காற்று அடிக்கும்போது மேல்நீர் கரையை விட்டு ஒதுங்குகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே ஏறுகிறது. அதில் நுண்ணுயிர்ப் பாசி பெருகும், அதைத் தின்னும் இறாலினமும் சாளையும் பெருகும், அவற்றைத் தின்னத் திமிங்கலம் வரும். நம் மேற்குக் கரையிலும் அளவில் சிறியதாக இதேதான் நடக்கிறது. ஆனி ஆடியில் குளச்சலில் கடல் கொந்தளித்து, நீர் குளிர்ந்து, அதன் பிறகு நெத்திலியும் சாளையும் படுவதற்குப் பின்னால் இருப்பது இந்த மேலேற்றம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை விதிக்கப்படுவதும் இந்தக் காலத்தில்தான். குளச்சல்காரரின் சோற்றுப் பானையையும் லூபானின் இரைப்பையையும் நிரப்புவது ஒரே காற்று.

இந்தத் திமிங்கலங்களை மனிதர் கொன்ற கதையில் முதலில் வருவது அமெரிக்கர்கள். 19ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்து கிளம்பிய பாய்க்கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் இந்தியப் பெருங்கடலில் அலைந்தன. விளக்கெரிக்கவும் எந்திரங்களுக்குப் போடவும் எண்ணெய் வேண்டியிருந்தது. எண்ணெய்த் திமிங்கலத்தின் தலையிலும் கொழுப்பிலும் அது இருந்தது. சார்லஸ் டவுன்சென்ட் என்ற விலங்கியலாளர் அந்தக் கப்பல்களின் குறிப்பேடுகளைப் புரட்டி, ஒவ்வொரு திமிங்கலமும் கொல்லப்பட்ட இடத்தைப் புள்ளியாகக் குறித்து 1935இல் வரைபடங்கள் வெளியிட்டார். இலங்கையைச் சுற்றிய கடலில் எண்ணெய்த் திமிங்கலப் புள்ளிகளும், அரேபியக் கரையோரம் கூன்முதுகுத் திமிங்கலப் புள்ளிகளும் அவற்றில் தென்படுகின்றன.

ஆனால் கையால் ஈட்டி எறிந்த அந்தக் காலத்தின் சேதம், அடுத்து வந்ததன் முன் சிறியது.

ஒடெஸா துறைமுகத்திலிருந்து ஸ்லாவா, சோவியத்ஸ்கயா உக்ராய்னா என்ற இரண்டு சோவியத் தாய்க்கப்பல்கள் ஒவ்வொரு பருவத்திலும் அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பின. சூயஸ் கால்வாய் வழியாக அரபிக்கடலுக்குள் வந்ததும், 1963 முதல் 1967 வரை, வழியிலேயே வேட்டையைத் தொடங்கிவிட்டன. வேட்டைப்படகுகள் கொன்று இழுத்துவரும் திமிங்கலத்தைத் தாய்க்கப்பலின் தளத்தில் ஏற்றி அங்கேயே அறுத்து எண்ணெய் எடுக்கும் முறை இது. வெப்பக் கடலில் தாய்க்கப்பல் கொண்டு நீலத் திமிங்கலம், கூன்முதுகுத் திமிங்கலம் போன்றவற்றைப் பிடிக்கக் கூடாது என்று 1946இன் சர்வதேசத் திமிங்கல வேட்டை உடன்படிக்கையின் கீழ் விதி இருந்தது. சோவியத் ஒன்றியம் அதில் கையெழுத்திட்ட நாடு. விதி காகிதத்தில் இருக்க, 1,294 நீலத் திமிங்கலங்கள், 954 எண்ணெய்த் திமிங்கலங்கள், 849 பிரைடு திமிங்கலங்கள், 242 கூன்முதுகுத் திமிங்கலங்கள் என்று மொத்தம் 3,339 உயிர்கள் அந்த நான்கு பருவங்களில் போயின. ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய கரைகளுக்கு அப்பால் 1966 நவம்பரில் மட்டும் 238 கூன்முதுகுத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன.

சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்துக்கு மாஸ்கோ அனுப்பிய கணக்கில் இவை எதுவும் இல்லை. கப்பலில் இருந்த உயிரியலாளர்கள் உண்மையான கணக்கை வைத்திருந்தார்கள், வெளியே சொல்ல முடியவில்லை. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு, அதிபர் யெல்ட்சினின் அறிவியல் ஆலோசகராக இருந்த அலெக்ஸி யாப்லகோவ் 1993இல் இந்த மோசடியை உலகறியச் சொன்னார். அரபிக்கடல் வேட்டையின் விவரங்களை யூரி மிகலெவ் என்ற உயிரியலாளர் 1990களின் பிற்பகுதியில் கட்டுரைகளாக வெளியிட்டார். அறுக்கப்பட்ட கூன்முதுகுத் திமிங்கலங்களின் வயிற்றில் இருந்த கருக்களின் வளர்ச்சியை அவர் அளந்து வைத்திருந்தார். தெற்கிலிருந்து வந்த விருந்தாளிகளாக இருந்தால் அந்த அளவுகள் பொருந்தா. இது இந்தக் கடலிலேயே பிறந்து வளரும் தனிக்கூட்டம் என்பதற்கான முதல் வலுவான சான்று, அந்தக் கூட்டத்தைக் கொன்றவர்களின் கப்பலிலிருந்தே கிடைத்தது. ஓமான் கரையில் எஞ்சியிருந்தவை சுமார் 82 என்று 2011இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. 1966இல் ஒரே மாதத்தில் கொன்றது அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அந்த ஆண்டுகளில் குளச்சல் கட்டுமரத்தின் ஊர். தொடுவானத்துக்கு அப்பால் நடந்த இந்தக் கொலைகள் கரைக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. 1979இல் செஷல்ஸ் என்ற சின்னஞ்சிறு தீவு நாடு முன்மொழிந்து, இந்தியப் பெருங்கடல் முழுவதும் திமிங்கலச் சரணாலயம் என்று சர்வதேச ஆணையம் அறிவித்தது. அதன் பிறகே இந்தக் கடலில் வணிக வேட்டைக்குக் கதவு அடைபட்டது. இந்தியா 1981இல் அந்த ஆணையத்தில் சேர்ந்தது. பெரிய நாடுகள் செய்யாததை ஒரு தீவு நாடு செய்தது என்பதை இந்தக் கரையில் உள்ளவர்கள் நன்றியோடு நினைக்க வேண்டும்.

தமிழகக் கரைக்குத் திமிங்கலம் பெரும்பாலும் செத்தோ சாகக் கிடந்தோதான் அறிமுகமாயிற்று. 1973 ஜனவரி 14, பொங்கல் நாள். தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் வந்து ஒதுங்கின. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அதை அளந்து எழுதி வைத்தார்கள். 43 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 ஜனவரி 11ஆம் தேதி, ஏறக்குறைய அதே கரையில், மணப்பாட்டுக்கும் கல்லாமொழிக்கும் பக்கத்தில், அதே இனம் மறுபடியும் கூட்டமாகக் கரையேறியது. எண்பதுக்கும் மேல் இருந்தன. மீனவர்கள் கயிறு கட்டிப் படகில் இழுத்துக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். விட்டவற்றில் சில திரும்பி வந்து மணலில் ஏறின. ஒன்று தடம் மாறினால் கூட்டமே அதன் பின்னால் வரும் அளவுக்குப் பிணைப்புள்ள இனம் அது. இரண்டு முறையும் ஏன் ஜனவரி, ஏன் அந்தக் கரை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாகும் அம்பர் இன்னொரு கதை. அரபு வணிகர்கள் தேடி அலைந்த வாசனைப் பொருள் அது. இன்று 'திமிங்கல வாந்தி' என்ற பெயரில், கடத்தல் செய்தியாக நாளிதழ்களில் வருகிறது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 2022 ஜூலையில் விழிஞ்ஞம் மீனவர்களுக்குக் கடலில் 28.4 கிலோ அம்பர் மிதந்து கிடைத்தது. கோடிக்கணக்கில் விலை சொல்லப்பட்ட அந்தப் பொருளை அவர்கள் கரைக்குக் கொண்டுவந்து கடலோரக் காவல்துறையினரிடம் ஒப்படைத்தார்கள். கடத்தல் வழக்குகளுக்குக் கிடைக்கும் தலைப்புச் செய்தி இந்தச் செயலுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

உயிரோடிருக்கும் திமிங்கலத்தைப் பார்ப்பதற்கென்றே கடலுக்குப் போகும் வழக்கம் இந்தப் பக்கத்தில் தொடங்கியது ஒரு தமிழ்த் துறைமுகத்தில். 1982இல் தூலிப் என்ற சிறிய பாய்ப்படகில் ஹால் வைட்ஹெட் தலைமையில் ஆய்வாளர்கள் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார்கள். சரணாலயம் என்று அறிவித்தாயிற்று, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா என்பதுதான் நோக்கம். திருகோணமலைக்கு வெளியே கடல் திடீரென்று ஆழமாகிறது. கரையோரமே எண்ணெய்த் திமிங்கலங்களும் நீலத் திமிங்கலங்களும் கிடைத்தன. நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, 1984இல் அங்கே நீலத் திமிங்கலத்தின் பாட்டைப் பதிவு செய்தார்கள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் உச்சியிலிருந்தே, பருவத்தில், நீலத் திமிங்கலம் மூச்சு விடுவதைக் காணலாம். உலகில் எத்தனை கோயில்களுக்கு இந்தக் காட்சி வாய்த்திருக்கிறது!

1983இல் தொடங்கிய இலங்கை உள்நாட்டுப் போர் முற்றியபோது அந்தக் கடலில் வேறு கப்பல்கள் ஓடின. திருகோணமலையின் திமிங்கலங்கள் போர் முடியும்வரை பார்ப்பாரின்றிப் போயின.

மிச்சக் கதை இலங்கையின் தென்கரை ஊரான மிரிஸ்ஸவில் நடந்தது. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நீலத் திமிங்கலங்கள் பருவக்காற்றுக் காலத்தில் சோமாலியா, அரேபியக் கரைகளில் உண்டுவிட்டு, டிசம்பர் ஜனவரி வாக்கில் இலங்கையின் தென்முனையைச் சுற்றி வங்கக் கடலுக்குப் போய், ஏப்ரல் வாக்கில் அதே வழியில் திரும்புகின்றன என்று கணித்தார். மிரிஸ்ஸவில், 2004 சுனாமியில் அடிபட்ட மீனவக் குடும்பங்களின் இளைஞர்கள் உதவிப் பணத்தில் கிடைத்த படகைக் கொண்டு பயணிகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். ஆண்டர்சன் சொன்ன இடத்தில், சொன்ன மாதத்தில், திமிங்கலம் வந்தது. 2008க்குப் பிறகு உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அங்கே குவிந்தார்கள். அதே சுனாமி குளச்சலிலும் பக்கத்துக் கொட்டில்பாட்டிலும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. இங்கே வீடு கட்டிக் கொடுத்தார்கள், படகும் வலையும் கொடுத்தார்கள். கடலைக் காட்டிப் பிழைக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை.

வராமல் போனதில் நன்மையும் இருக்கலாம். மிரிஸ்ஸவில் ஒரே திமிங்கலத்தைச் சுற்றிப் பத்துப் படகுகள் நெருங்கிய காலம் உண்டு. 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று இலங்கை அரசு 2012இல் விதி கொண்டுவந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து சரக்குக் கப்பல்கள். உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று திமிங்கலங்கள் இரை தேடும் இடத்தின் மேலேயே போகிறது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கப்பலின் முன்மூக்கில் செத்த நீலத் திமிங்கலம் ஒன்று மாட்டிக் கிடந்தது. பாதையைத் தெற்கே தள்ள வேண்டும் என்று ஆஷா டி வோஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி 2022இல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குத் திமிங்கலம் பார்ப்பது இப்போது விடுமுறைப் பொழுதுபோக்குகளில் ஒன்று. பெருநாள் விடுப்பு வியாழனோடு சேர்ந்து, வெள்ளியும் சனியும் தொடர்ந்து வந்தால் நான்கைந்து நாள் கையில் கிடைக்கும். மஸ்கட்டின் படகுத்துறையிலிருந்து காலையில் கிளம்பும் படகுகள் ஓங்கல் (டால்பின்) கூட்டத்தைக் காட்டும், வாய்ப்பிருந்தால் திமிங்கலத்தையும் காட்டும். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு, கைப்பேசியைத் தயாராகப் பிடித்தபடி நிற்கும் பயணிகளில் குமரி மாவட்டத்துக் குடும்பங்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் தாத்தா இதே ஓங்கலைக் கட்டுமரத்தின் மேலிருந்து, காசு கொடுக்காமல், ஆண்டு முழுக்கப் பார்த்தவராக இருக்கலாம்.

அவர் பார்த்தது வேறு கண்ணால். கடல்மேல் ஓங்கல் துள்ளும் இடத்தில் கேரை மீன் இருக்கும், கடற்பறவை விழுந்து விழுந்து எழும் இடத்தில் சிறுமீன் கூட்டம் இருக்கும் என்பது தொழில் அறிவு. மலை உச்சியையும் கோயில் கோபுரத்தையும் நேர்வைத்துக் கடலடிப் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடிக்கும் கணிச்சம்போல, இதுவும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வாய்வழியாக வந்தது. குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் திட்டு, அதற்கப்பால் தூத்தூர்க்காரர்கள் சுறாவுக்காகப் போகும் ஆழ்கடல், லட்சத்தீவைத் தாண்டிய கடலடி மேடுகள் என்று இந்த மாவட்டத்தின் மீனவர்களைப்போல் அரபிக்கடலின் குறுக்கும் நெடுக்கும் நாள்கணக்கில் கிடப்பவர்கள் இந்தியாவில் குறைவு. எந்த ஆய்வுக் கப்பலும் அத்தனை நாள் அங்கே நின்றதில்லை. வறீதையா கான்ஸ்தந்தின் போன்றவர்கள் நெய்தல் நிலத்து அறிவை நூல்களாக்கி வருகிறார்கள். ஆனால் எந்த மாதம், எந்த ஆழத்தில், எந்தத் திசை நோக்கிப் பெருந்திமிங்கலம் போகிறது என்ற கேள்வியோடு யாரும் குளச்சல் துறையில் வந்து உட்கார்ந்து வரிசையாகக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

கேட்கத் தொடங்கியது ஒரு கருவி. 2021இல் விழிஞ்ஞம் கடலடியில் ஆய்வாளர் தீபானி சுதாரியாவின் குழு, கேரளப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, ஒலிவாங்கிகளை இறக்கி வைத்தது. எடுத்துக் கேட்டபோது நீலத் திமிங்கலத்தின் குரல் இருந்தது. மனிதக் காது எட்டும் எல்லையின் அடியில் முழங்கும் கனத்த குரல் அது. அதற்குச் சற்று முன்பு லட்சத்தீவுக் கடலில் திவ்யா பணிக்கரும் கேட் ஸ்டாஃபோர்டும் செய்த பதிவுகளிலும் நீலத் திமிங்கலம் பாடியது. அது திருகோணமலையில் 1984இல் பதிவான அதே வகைப் பாட்டு. சோவியத் கப்பல்கள் 1,294ஐக் கொன்ற பிறகும் எஞ்சியவை அந்தப் பாட்டைக் கைவிடவில்லை.

விழிஞ்ஞம் குளச்சலிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து சுமார் 10 கடல் மைலில் இருக்கிறது என்பதாலேயே அங்கே பெருந்துறைமுகம் கட்டப்பட்டு, 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டது. குளச்சலுக்குப் பக்கத்து இனயத்தில் இன்னொரு பெருந்துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் கொள்கை ஒப்புதல் தந்தது. மீனவர்களின் எதிர்ப்பால் அது அங்கே வரவில்லை. தங்கள் வலைக்கும் பாருக்கும் ஆபத்து என்றுதான் அவர்கள் போராடினார்கள், திமிங்கலம் அந்தக் கோரிக்கையில் இல்லை. ஆனாலும் மிரிஸ்ஸவுக்கு வெளியே நடந்தது இங்கும் நடக்கக்கூடும். கொழும்பைச் சுற்றிப் போகும் கப்பல்கள் குமரிக்குத் தெற்கேயும் போகின்றன, திமிங்கலத்தின் பாதையும் அதுவே. எங்கே இரண்டும் குறுக்கிடுகின்றன என்று தெரிந்தால்தான் கப்பலை விலக்கச் சொல்லிக் கேட்க முடியும்.

அதற்கு வேண்டிய கண்கள் இங்கேயே இருக்கின்றன. தூத்தூர்ப் படகுகளில் ஜிபிஎஸ் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மீன் பட்ட ஒவ்வொரு மேட்டின் எண்ணையும் ஓட்டுநர்கள் பொன்போல் காத்து வைக்கிறார்கள். இந்தியக் கடல்பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதிய குமரன் சதாசிவம், சுதாரியா போன்றோர் சேர்ந்து நாடு முழுவதும் கண்ட திமிங்கலம், ஓங்கல், ஆவுளியா பற்றிய செய்திகளைத் திரட்டும் வலையமைப்பு ஒன்றை நடத்துகிறார்கள். தேதி, இடம், எத்தனை, எந்தத் திசை என்ற நான்கு விவரம் இருந்தால் போதும். ஆண்டர்சனின் கணக்கு இந்தப் பக்கத்துக்கும் பொருந்துமானால், நீலத் திமிங்கலம் கிழக்கே போகும் டிசம்பரும் மேற்கே திரும்பும் ஏப்ரலும் முதலில் பார்க்க வேண்டிய மாதங்கள். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. அந்த இரண்டு மாதங்களிலும் குளச்சல் படகுகள் கடலில்தான் இருக்கும்.